உங்கள் பெயரில் வேறொருவர் கடன் எடுத்திருந்தால்: கிறிப் பதிவைத் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோவுக்கு லீசிங் போடப் போன இடத்தில், அல்லது வீடு திருத்தக் கடன் கேட்ட இடத்தில், "உங்கட பேரில ஏற்கெனவே ஒரு கடன் நிலுவையில கிடக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டு, அது என்ன கடன் என்றே தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடம் கடன் பகுதியில் வேலை செய்துவிட்டு இப்போது திருகோணமலையில் இருக்கிறேன். கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எடுக்காத கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், எந்தப் பேப்பரிலும் கையெழுத்து வைக்காதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

கிறிப்பில் பெயர் விழுந்துவிட்டது என்கிறார்களே, அது என்ன?

கிறிப் என்பது இலங்கைக் கடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வங்கிகள், மத்திய வங்கியிடம் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் எல்லாம் தாங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், அவர் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்ற விவரத்தை அங்கே அனுப்பிக்கொண்டிருக்கும். புதிதாக ஒருவர் கடன் கேட்டு வந்தால் அதே இடத்திலிருந்து அவருடைய அறிக்கையை எடுத்துப் பார்க்கும். ஆகவே அது கறுப்புப் பட்டியல் அல்ல. தவணையைத் தேதி தவறாமல் கட்டுபவருடைய பெயரும் அங்கே இருக்கிறது. கடன் கொடு, கொடுக்காதே என்று பணியகம் யாருக்கும் சொல்வதும் இல்லை, அது அந்தந்த நிறுவனத்தின் முடிவு.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பணியகம் தானாக எதையும் எழுதுவதில்லை, விவரத்தை அனுப்பிய நிறுவனம் உறுதிப்படுத்தாமல் எதையும் அழிப்பதும் இல்லை. அதனால்தான் கொழும்புக்கு எத்தனை தடவை போன் எடுத்தாலும் காரியம் நடக்காமல் பலர் களைத்துப்போகிறார்கள். உங்கள் பெயரில் அந்தக் கடனைப் பதிந்த வங்கியோ கம்பனியோதான் "இது இவருடைய கடன் அல்ல" என்று எழுத்தில் சொல்லித் தன் பதிவைத் திரும்பப் பெறவேண்டும்.

என்னுடைய அறிக்கையை எடுக்க கொழும்புக்குப் போகவேண்டுமா?

வேண்டாம். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில், "என்னுடைய சொந்தக் கடன் அறிக்கை வேண்டும்" என்று கேட்டு, அடையாள அட்டையைக் காட்டி விண்ணப்பிக்கலாம். பணியகத்தின் இணையத்தளத்தின் வழியாகவும் எடுக்கலாம். சிறிய கட்டணம் ஒன்று உண்டு.

கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது 250க்கும் 900க்கும் இடையில் போட்டிருக்கும் அந்தப் புள்ளியை. அதை விடுங்கள். முதலில் பெயர், அடையாள அட்டை எண், முகவரிகளைப் பாருங்கள். நீங்கள் ஒருநாளும் இருந்திராத முகவரி ஒன்று இருந்தால் அது பெரிய தடயம், ஏனென்றால் கடன் எடுத்தவர் கடிதங்கள் உங்களுக்கு வராமல் இருக்கத் தன் பக்கத்து முகவரியைத்தான் கொடுத்திருப்பார். அடுத்து ஒவ்வொரு கடனுக்கும் எந்த நிறுவனம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்பதைப் பாருங்கள். நீங்கள் பிணையாளாக இருக்கும் கடன்கள் தனியாக வரும், அதையும் பாருங்கள். கடைசியில், உங்கள் அறிக்கையை யார் யார் எடுத்துப் பார்த்தார்கள் என்ற பகுதி இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தை வாசிப்பதே இல்லை, ஆனால் மோசடியில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பக்கம்: நீங்கள் வாசல் மிதித்திராத கம்பனி ஒன்று உங்கள் அறிக்கையைப் பார்த்திருந்தால், யாரோ உங்கள் பெயரில் அங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். கடன் கிடைத்திருக்காது, ஆனால் அடுத்த கம்பனியில் கிடைக்கலாம்.

பழைய அடையாள அட்டை எண், புதிய எண் இரண்டையும் சொல்லி விசாரியுங்கள். பழைய ஒன்பது இலக்க எண்ணின் முன்னால் 19 சேர்ந்து, அதன் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழைந்து, கடைசி ஆங்கில எழுத்து விடுபட்டால் அதுதான் புதிய பன்னிரண்டு இலக்க எண். ஆள் ஒருவர்தான், ஆனால் படிவம் நிரப்பியவர் எந்த எண்ணைப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது.

இது மோசடியா, யாரோ எண்ணைப் பிழையாக அடித்ததா, எப்படித் தெரிந்துகொள்வது?

கடன் கொடுத்த நிறுவனத்தில் கடன் விண்ணப்பத்தின் பிரதியைக் கேளுங்கள். அதில் வேறொருவரின் பெயரும் வேறொருவரின் படமும் இருந்து, அடையாள அட்டை எண் மட்டும் உங்களுடையதாக இருந்தால் பெரும்பாலும் தட்டச்சுப் பிழை. எங்களுடைய பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு மாதிரி எழுதுவதும், முதலெழுத்தை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் போடுவதும் இதற்குத் துணைபோகிறது. அப்படியென்றால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும், பொலிசுக்குப் போகத் தேவையில்லை.

உங்கள் பெயர், உங்கள் அடையாள அட்டைப் பிரதி, ஆனால் உங்களுடையதல்லாத கையெழுத்து, உங்களுடையதல்லாத போன் இலக்கம் என்றால் அது மோசடி.

மோசடிதான் என்று தெரிந்துவிட்டது. முதலில் எங்கே போவது?

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதும் பொலிஸ் முறைப்பாடும் ஒரே நாளில் நடந்தால் நல்லது, இல்லையென்றால் அடுத்தடுத்த நாள். அப்புறம் உங்கள் அடையாள அட்டை தொலைந்திருந்தால் அதற்கும் ஒரு முறைப்பாடு போட்டு, கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்தில் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தொலைந்து பல வருடமாகியும் முறைப்பாடு போடாதவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். 2004 சுனாமியிலும், 2006இல் மூதூர் கிழக்கிலிருந்தும் சம்பூரிலிருந்தும் இடம்பெயர்ந்தபோதும் ஆவணங்களை இழந்தவர்கள், புது அட்டை எடுத்தபோது கொடுத்த பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி இருந்தால் தேடி எடுங்கள். அந்தப் பழைய அட்டை உங்கள் கையில் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஒவ்வொரு போன் கம்பனியின் கவுண்டரிலும் கேளுங்கள். உங்கள் பெயரில் ஒரு சிம் எடுத்தவர் ஓடிபி (ஆளை உறுதிப்படுத்தப் போனுக்கு வரும் ஒருமுறை எண்) எல்லாவற்றையும் தன் போனிலேயே வாங்கிக்கொள்வார். தெரியாத இலக்கம் இருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதற்கு ஒரு பேப்பர் வாங்குங்கள்.

பொலிசில் "இது காசுப் பிரச்சினை, கம்பனியோட பேசுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய?

இப்படி நடப்பது உண்டு, காரணம் நாங்கள் பேச்சைத் தொடங்கும் விதம். "எனக்குத் தெரியாமல் ஒரு கடன் இருக்குது சேர்" என்று தொடங்கினால் கேட்பவருக்கு அது கொடுக்கல் வாங்கல். "என்னைப்போல நடித்து, என் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, என் அடையாள அட்டைப் பிரதியைப் பாவித்திருக்கிறார்கள்" என்று தொடங்குங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் போலி ஆவணம் தயாரிப்பதும் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். கடன் அறிக்கையையும், கிடைத்திருந்தால் விண்ணப்பத்தின் பிரதியையும், உங்கள் உண்மையான கையெழுத்து உள்ள பழைய வங்கிப் பத்திரம் ஏதாவது ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

நகரத்தில் இருப்பவர் என்றால் தலைமையகப் பொலிஸ், இல்லையென்றால் உப்புவெளி, சீனக்குடா, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று உங்கள் பகுதிக்குரிய நிலையம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தமிழ் எழுதக்கூடியவர் அந்த நேரம் இல்லை என்றால், அவர் வரும் நேரத்தைக் கேட்டு அப்போது போங்கள். சிங்களத்தில் எழுதிவிட்டார்கள் என்றால் ஒவ்வொரு வரியையும் வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். "கடன் எடுத்தேன், ஆனால் கட்டவில்லை" என்ற அர்த்தத்தில் ஒரு வரி புகுந்துவிட்டால் பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. முறைப்பாட்டு இலக்கமும் தேதியும் இல்லாமல் வெளியே வராதீர்கள், பிரதிக்கும் அன்றே விண்ணப்பியுங்கள்.

போன் செயலியில் அல்லது இணையத்தில் நடந்ததென்றால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கும் எழுதலாம். முகநூல், வட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றிச் செய்த வேலை என்றால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை செர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தில் வழி கேட்கலாம்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு என்ன எழுதுவது? எங்களுக்கு எழுத வராது.

கீழே உள்ளதை அப்படியே பார்த்து எழுதலாம். கையால் எழுதினாலும் போதும்.

"முகாமையாளர் அவர்களுக்கு. என் பெயர் ......, அடையாள அட்டை எண் ....... உங்கள் நிறுவனத்தில் என் பெயரில் ...... இலக்கக் கடன் இருப்பதாகக் கடன் தகவல் பணியகத்தின் ...... தேதியிட்ட அறிக்கை காட்டுகிறது. இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, இந்தப் பணத்தை நான் பெறவில்லை, எந்த ஆவணத்திலும் நான் கையெழுத்திடவில்லை. இது பற்றி ...... பொலிஸ் நிலையத்தில் ...... இலக்க முறைப்பாடு செய்திருக்கிறேன். விண்ணப்பப் படிவம், ஒப்பந்தம், அடையாள அட்டைப் பிரதி, எடுத்த படம், பணம் எந்தக் கணக்குக்கு அல்லது யார் கைக்குப் போனது என்ற விவரம், கடனை அனுமதித்த அதிகாரியின் குறிப்பு ஆகியவற்றின் பிரதிகளைத் தாருங்கள். விசாரணை முடியும்வரை என்னிடம் அறவிடும் நடவடிக்கைகளை நிறுத்துங்கள். விசாரணை முடிந்ததும் பணியகத்துக்கு அனுப்பிய பதிவைத் திரும்பப் பெற்று, அதை எனக்கு எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். இந்தக் கடிதம் கடனை ஒப்புக்கொள்வதாகாது."

இதில் நான் அதிகம் நம்பியிருப்பது, பணம் எங்கே போனது என்ற கேள்வியை. கையெழுத்தைப் பற்றி இரண்டு பக்கமும் வருடக்கணக்காக வாதாடலாம். ஆனால் கடன் பணம் ஏதோ ஒரு கணக்குக்குப் போயிருக்கும், அல்லது ஏதோ ஒரு வாகனக் கடைக்கு, போன் கடைக்குப் போயிருக்கும். அந்தக் கணக்கு யாருடையது, அந்த மோட்டார் சைக்கிளை யார் எடுத்துக்கொண்டு போனார், அது இப்போது எங்கே ஓடுகிறது என்று கேட்கும்போது கம்பனிக்குள்ளேயே பதில் சொல்ல ஒருவர் வரவேண்டியிருக்கும். சில வேளைகளில் பிரச்சினை அங்கேதான், உள்ளே இருக்கும் ஆள் ஒருவர் மாத இலக்கை நிரப்பக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டிருப்பார். அதனால் கடிதத்தைக் கிளையில் மட்டும் கொடுக்காதீர்கள். தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிளையில் கொடுக்கும் பிரதியில் முத்திரை குத்தித் தேதி போட்டு வாங்குங்கள், தபால் துண்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.

சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணைத்தால் இன்னும் நல்லது. பொய் சொன்னால் குற்றம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள் என்பதால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

"பாதியைக் கட்டுங்கோ, மிச்சத்தை வெட்டி கிறிப்பையும் கிளியர் பண்ணித் தாறம்" என்கிறார்கள். கட்டிவிட்டால் தொல்லை விடும்தானே?

விடாது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த முழுவதையும் எழுதத் தொடங்கினேன்.

நீங்கள் கட்டினால் அது உங்கள் கடன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். நாளைக்கு அது மோசடி என்று சொன்னால், "அப்போ ஏன் கட்டினீர்கள்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. வழக்குப் போடும் கால வரையறை முடிந்துபோகக்கூடிய பழைய கடனாக இருந்தாலும், ஒரு பகுதிப் பணம் கட்டுவது அதை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். அதைவிட முக்கியம், கட்டி முடித்த கடன் அறிக்கையிலிருந்து உடனே மறைவதில்லை. "தாமதமாகக் கட்டி முடிக்கப்பட்டது", "ஒரு பகுதி விட்டுக்கொடுக்கப்பட்டது" என்ற நிலையில் உங்கள் பெயரிலேயே கிடக்கும். உங்களுக்கு வேண்டியது முடிக்கப்பட்ட கடன் அல்ல, உங்கள் பெயரில் ஒருபோதும் இருந்திராத கடன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த தடவை வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதுதான் உணர்வீர்கள். மகளின் கல்யாணம் வருகிறது, அவசரமாகக் கடன் வேண்டும், இருபதாயிரத்தைக் கட்டித் தொலைத்துவிடுவோம் என்று மனம் சொல்லும். அந்த அவசரம் எனக்கு விளங்குகிறது, ஆனாலும் கட்டாதீர்கள்.

"மறுஅட்டவணை" என்று ஒரு படிவம் நீட்டினாலும் இதே பதில்தான். அது பழைய கடனை ஒப்புக்கொண்டு புதிதாகப் போடும் ஒப்பந்தம்.

அறவீட்டு ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். நீதிமன்றக் கடிதமும் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவரிடம் வாதாட வேண்டாம். முறைப்பாட்டின் பிரதியைக் கொடுத்து, அவருடைய பெயரையும் வந்த நேரத்தையும் எழுதிவையுங்கள். மிரட்டினால் அதுவே இன்னொரு முறைப்பாடு.

நீதிமன்றக் கடிதம் வேறு விஷயம், அதைப் பெட்டிக்குள் போட்டு மூடவே கூடாது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வங்கி வழக்குப் போட்டால், நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு நிபந்தனைத் தீர்ப்பு எழுதப்பட்டுத்தான் உங்கள் கைக்கு வரும். குறித்த தேதியில் போய், எதிர்த்து வாதாட அனுமதி கேட்காவிட்டால் அது முழுத் தீர்ப்பாகிவிடும். பிறகு அது உங்கள் கடன்தான் என்று நீதிமன்றமே சொன்னதாகிவிடும். ஆகவே கடிதம் கிடைத்த நாளே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கையில் காசு இல்லை என்றால் திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும்.

மத்தியஸ்த சபையிலிருந்து அழைப்பு வந்தாலும் போங்கள். போய், இது என் கடன் அல்ல என்று சொல்லுங்கள். "ஏதோ பேசி ஒரு தொகைக்கு வாங்கோ" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனால் இணக்கத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இணக்கம் ஏற்படவில்லை என்று எழுதித் தரும்படி கேளுங்கள்.

கடிதம் போட்டு மாதக்கணக்காகிறது, பதிலே இல்லை.

இப்போது மேலே போகலாம். நிறுவனத்திடம் முதலில் முறையிட்டதற்கு ஆதாரம் இருந்தால்தான் மேலிடத்தில் உங்கள் முறைப்பாட்டைக் கையில் எடுப்பார்கள், அதற்குத்தான் அந்தத் தபால் துண்டு. மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது, இலக்கம் 1935. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, அங்கே போய்க் கேட்டாலும் எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். வங்கிகள், நிதிக் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம், கட்டணம் இல்லை. இதோடு சேர்த்துப் பணியகத்துக்கும் "இந்தப் பதிவை நான் மறுக்கிறேன்" என்று எழுதிப் போடுங்கள். அவர்கள் அதை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள்.

கடன் கொடுத்தது அரச வங்கி என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் பெயரில் உள்ள கடன் கோப்பின் பிரதியை விண்ணப்பித்துக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். கிளையில் "பைல் ஹெட் ஒபிசில இருக்கு" என்று இழுத்தடிப்பவர்கள் இந்த விண்ணப்பத்தைக் கண்டதும் வேகமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடன் எடுத்தது என் சொந்த மச்சான். பொலிசுக்குப் போனால் அக்காவின் குடும்பம் உடைந்துவிடும்.

இங்கே வருகிற கதைகளில் முன்பின் தெரியாத திருடன் குறைவு. அலுமாரிக்குள் இருக்கும் அடையாள அட்டை எங்கே என்று தெரிந்தவர்தான் எடுக்கிறார். என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கு நான் கட்டளையிட முடியாது, ஆனால் எந்தக் கதவுகள் இருக்கின்றன என்று சொல்லலாம்.

அவர் கடனைக் கட்டி முடித்தாலும் தாமதமான தவணைகள் உங்கள் பெயரில்தான் நிற்கும். பதிவு அழியவேண்டுமென்றால் அது மோசடி என்று நிறுவனம் ஏற்றுக்கொள்ளவேண்டும், அதற்கு யார் செய்தார் என்ற கேள்வி வந்தே தீரும். நடுவில் ஒரு வழியாக, அவரே நிறுவனத்துக்கு வந்து ஒப்புக்கொண்டு, கடனைத் தன் பெயரில் புதிதாக எழுதிக்கொடுத்து, உங்கள் பெயரிலிருந்த பதிவை நிறுவனம் திரும்பப் பெறச் சம்மதிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். தங்கள் பக்கத்துத் தவறு வெளியே வராமல் இருக்க நிறுவனமும் சில வேளை இறங்கிவரும். எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும், சட்டத்தரணி ஒருவர் பார்க்கவேண்டும். ஆனால் "அடுத்த மாதம் கட்டிடுவன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பொறுத்திருப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நீங்கள் தெரிந்தும் சும்மா இருந்த ஒவ்வொரு மாதமும், நீங்களும் உடந்தை என்று சொல்ல இடம் கொடுக்கிறது.

அக்காமாருக்கு ஒன்று. கணவர் உங்களுக்குச் சொல்லாமல் உங்கள் பெயரில் எடுத்தாலும் அது மோசடிதான். "புருஷன்தானே" என்று கவுண்டரில் யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

பிணையாளாகக் கையெழுத்து வைத்தேன், அவர் கட்டாமல் ஓடிவிட்டார். இதுவும் மோசடியா?

இல்லை. கையெழுத்து உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையது, அந்தக் கடன் உங்கள் அறிக்கையில் வருவதும் சரியே. மனது கேட்காது, ஆனாலும் இதை மோசடி என்று முறையிட்டால் நேரம்தான் போகும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு தொகையை நிரப்பினார்கள் என்றால் அது வேறு, அதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

குழுக் கடன் எடுத்தோம். தலைவி எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கி வைத்திருந்தாள். இப்போது எடுக்காத இரண்டாவது கடனும் என் பெயரில் இருக்கிறது.

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்துப் பெண்களிடம் இதைக் கேட்கும்போது மனம் நோகிறது, கட்டுகிற காசே கூலிக் காசு. முதல் கடனின் பாஸ் புத்தகம், கட்டிய பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். முதல் கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே, இரண்டாவதை மட்டும் மறுத்து எழுதுங்கள், இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள். வசூலிக்க வருகிறவரிடம் காசு கொடுக்கும்போது எந்த இலக்கக் கடனுக்கு என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் காசு இரண்டாவது கடனில் வரவு வைக்கப்பட்டு, நீங்கள் அதையும் கட்டியதாக ஆகிவிடும். ஒரே குழுவில் பலருக்கு இப்படி நடந்திருந்தால் சேர்ந்து போங்கள். பத்துப் பேர் ஒன்றாக நின்றால் கிளை முகாமையாளர் எழுந்து வந்து பேசுவார்.

போன் செயலியில் கடன் கொடுப்பவர்கள் என் பெயரில் கடன் இருப்பதாக மிரட்டுகிறார்கள். கிறிப்பில் ஒன்றுமில்லை.

பணியகத்தில் அங்கத்தவராக இல்லாத ஆட்கள் அவர்கள், ஆகவே அவர்களால் உங்கள் பதிவைத் தொட முடியாது. உங்கள் போனிலிருந்த இலக்கங்களுக்கெல்லாம் மெசேஜ் அனுப்பி அவமானப்படுத்துவதுதான் அவர்களின் ஆயுதம். ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு முறைப்பாடு போடுங்கள். சொந்தக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதோடு அவர்கள் கையில் ஒன்றுமில்லை.

"கிறிப்பைக் கிளீன் பண்ணித் தாறன், இவ்வளவு தாங்கோ" என்று ஒருவர் சொல்கிறார்.

முடியாத வேலைக்குக் காசு கேட்கிறார். அதோடு உங்கள் அடையாள அட்டையையும் கேட்பார். கொடுக்காதீர்கள்.

புதிய அடையாள அட்டை எடுத்தால் எண் மாறிப் பிரச்சினை தீருமா?

தீராது. எண் ஆயுள் முழுவதும் ஒன்றுதான். பழையது புதிய வடிவத்துக்கு மாறலாம், ஆள் மாறுவதில்லை.

திருத்திவிட்டோம் என்று கடிதம் தந்துவிட்டார்கள். இனிச் சரிதானே?

நிறுவனங்கள் விவரங்களை மாதத்துக்கு மாதம் அனுப்புவதால், அடுத்த மாதம் கழிந்ததும் புதிய அறிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். கடன் முற்றாக நீங்கியிருக்கிறதா, அல்லது "முடிக்கப்பட்டது" என்று மட்டும் மாற்றியிருக்கிறார்களா? இரண்டாவதென்றால் வேலை முடியவில்லை, அதே கடிதத்தின் பிரதியோடு திரும்பப் போங்கள். சில மாதம் கழித்து இன்னொரு தடவையும் எடுங்கள், ஏனென்றால் பழைய விவரம் கணினியிலிருந்து தவறுதலாகத் திரும்ப வருவது உண்டு. அந்தக் கடிதத்தை எறியவே வேண்டாம், பத்து வருடம் கழித்தும் ஒரு கடன் அதிகாரி கேட்கலாம்.

அண்ணா கனடாவில், மருமகள் லண்டனில். அவர்களுக்கும் இப்படி நடந்தால்?

அங்கே ஒழுங்கு வேறு. கனடாவில் ஈக்விபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு பணியகங்கள். இரண்டிலும் மோசடி எச்சரிக்கைக் குறிப்புப் போடச் சொல்லலாம். பிரித்தானியாவில் இவற்றோடு எக்ஸ்பீரியனும் சேர்ந்து மூன்று, மறுக்கும் பதிவின் பக்கத்தில் 200 சொற்களுக்குள் தன் பக்க விளக்கத்தைச் சேர்க்கும் உரிமையும் உண்டு. அமெரிக்காவில் 2018இலிருந்து கடன் பதிவை இலவசமாகப் பூட்டிவைக்கலாம். ஆனால் அங்கே இருப்பவரின் பெயரில் இங்கே கடன் எடுப்பதும் நடக்கிறது. ஊரில் விட்டுப்போன பழைய அடையாள அட்டை யார் கையில் என்று ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள்.

போட்டோக்கொப்பி கொடுக்காமல் இருக்க முடியாதே?

முடியாது. ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு பிரதியின் மேலும் குறுக்காக, படத்தில் படும்படி, "இன்ன நிறுவனத்துக்கு, இன்ன தேவைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். கொமினிக்கேஷன் கடையில் சரிவராமல் போன பிரதியை அங்கேயே கூடைக்குள் போடாமல் கையோடு எடுத்து வாருங்கள். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் வேலை முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் அழிக்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அவருக்குப் பதிலாக நான் போகலாமா?

கடிதங்களை நீங்கள் எழுதலாம், தபாலில் போடலாம். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். பொலிஸ் வாக்குமூலத்துக்கும் சத்தியக்கடதாசிக்கும் அவரே வரவேண்டும். வங்கியில் அவருக்காகப் பேச, அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இரண்டு பேருடைய அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். சில கிளைகள் அதோடு நிற்காமல் அற்றோணித் தத்துவம் (அவருக்காகச் செயற்பட உங்களுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கேட்கும், அதை நொத்தாரிசிடம் முடிக்கலாம். கைநாட்டு வைப்பவர் என்றால் அதைக் கடிதத்தில் முதல் வரியிலேயே சொல்லுங்கள்: "நான் கையெழுத்திடத் தெரியாதவள், கைநாட்டு மட்டுமே வைப்பவள்." கடன் ஒப்பந்தத்தில் அழகான கையெழுத்து ஒன்று இருந்தால் வழக்கு அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிட்டது.